நானூற்றெண்பது நாள்

அறுநூறு பங்குகளை நாலே நாளில் விற்றுத் தருகிறேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்தேன். பதினைந்து நாளில் இருநூற்றைம்பதுதான் என்னால் விற்க முடிந்தது. அதற்கு முன் வங்கியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அந்தப் பதினைந்து நாளில்தான் தெரிந்தது. இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடம்தான் நம் வங்கியின் தலைமை அலுவலகம். மொத்தமே எட்டுக் கிளைகள். நான் உப்பிலியபுரத்தில் கடலை பயிரிடுகிற குடும்பத்துப் பிள்ளை. எங்கள் ஊர்ப் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த நடேசன் என்பவர் வங்கியின் டைரக்டர்களில் ஒருவர். அவர் சொன்னதால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பங்குகள் சம்பந்தப்பட்ட மேஜை எனக்கு. சென்னைத் தரகர்கள் அனுப்பும் விலைப் பட்டியல் தினமும் காலைத் தபாலில் வரும். யாராவது வந்து விலை கேட்டால் அதைப் பார்த்துச் சொல்வேன். விற்கவோ வாங்கவோ சொன்னால் தரகருக்குத் தந்தி கொடுப்பேன். பட்டியலில் அச்சாகி வந்த விலை எனக்கு வேதவாக்கு.

பாலக்கரையில் ராவுத்தர் ஒருவர் தோல் வியாபாரம் செய்துவந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காலை என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இந்த நூல் மில் பங்கு அறுநூறு வெச்சிருக்கேன். இன்னைக்கு என்ன விலைங்க?"

"முப்பத்தெட்டு ரூபாய் பாய்."

"அப்ப இருபத்திரண்டாயிரத்து எண்ணூறு வருது. ரெண்டு வாரத்துல கையில வந்துருமா?"

"ரெண்டு வாரம் எதுக்கு பாய்? நாலு நாள்ல வாங்கித் தந்துடறேன்."

அவர் ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. செம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஆலை ஒன்று கோர்ட்டு ஏலத்துக்கு வந்திருந்தது. தோல் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவருக்குச் சொந்தமாக ஓர் ஆலை வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. என் வார்த்தையை நம்பி ஏலம் கேட்டார். அவர் பெயருக்கே முடிந்தது. கால்வாசித் தொகையை அங்கேயே கட்டினார். மீதியைப் பதினைந்து நாளுக்குள் கட்டவேண்டும். தவறினால் கட்டியதும் போய்விடும்.

முதல் நாள் நூறு பங்கு முப்பத்தெட்டுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் நூறு, முப்பத்தாறுக்கு. பிறகு ஐம்பது, முப்பத்துமூன்றுக்கு. அதோடு நின்றுவிட்டது. 'வாங்க ஆள் இல்லை' என்று தரகரிடமிருந்து தந்தி வந்தது. முப்பதுக்குக் கொடுக்கச் சொன்னேன். அதற்கும் அதே பதில். பட்டியலில் மட்டும் முப்பத்துமூன்று என்ற விலை தினமும் அழகாக அச்சாகி வந்துகொண்டிருந்தது. பாயும் நகை, சரக்கு என்று அடகு வைத்துப் பார்த்தார். காலம் போதவில்லை. பதினாறாம் நாள் ஏலம் ரத்தானது. கட்டிய பணமும் போயிற்று.

மறுநாள் அவர் வங்கிக்கு வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

"தம்பி, நீங்க விலையைச் சொன்னீங்க. வாங்குறவனைச் சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. மானேஜர் ஐயங்கார் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஓய் தங்கவேல், கொஞ்ச நாளைக்கு நீர் பங்குப் பக்கமே போகவேண்டாம். மணப்பாறைக்குப் போம். அங்கே மாட்டு வியாபாரிக்குக் கொடுத்த கடன் என்ன ஆச்சுன்னு பார்த்துண்டு வாரும்" என்றார். அது தண்டனை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மணப்பாறைச் சந்தையில் காலையிலிருந்து வெயிலில் நின்று என்ன விலைக்கு மாடு போகிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சு: ஒரு ஜோடி எழுநூறுக்குப் போயிற்றாம். சந்தை வாசலில் கயிறு விற்கிற பெண் ஒருத்தி கடை விரித்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு கையால் காசை வாங்கிக்கொண்டே மறு கையால் கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். நிழலுக்காக அவள் பந்தலோரம் ஒதுங்கினேன்.

"என்னங்க சார், காலையிலேர்ந்து விலையையே எழுதிக்கிட்டிருக்கீங்க?"

"அதுக்குத்தான் வந்தேங்க. இன்னைக்கு நல்ல சந்தை போலிருக்கே. ஜோடி எழுநூறுக்குப் போயிருக்கு."

அவள் சிரித்தாள். "எழுநூறுக்கு ஒரு ஜோடி போச்சு. மத்ததெல்லாம்? அந்தா ரோட்டுல போகுது பாருங்க. கழுத்துக் கயித்தைப் பாருங்க. புதுசா, பழசா?"

பார்த்தேன். சாயங்கால வெயிலில் வரிசையாகப் போன மாடுகளின் கழுத்தில் பெரும்பாலும் அழுக்கேறிய பழைய கயிறு. மாட்டை விற்கிறவர் கயிற்றைக் கொடுக்கமாட்டார், அவிழ்த்து எடுத்துக்கொள்வார். வாங்குகிறவர் இவளிடம் புதுக் கயிறு வாங்கித்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். பழைய கயிற்றோடு போவதெல்லாம் விலை போகாமல் வீட்டுக்குத் திரும்புகிற மாடு.

"நூறு கயிறு கொண்டாந்தேன், நாப்பதுதான் போயிருக்கு" என்றாள். "சின்ன ஜோடிக்கெல்லாம் காலையில பத்து மணிக்குள்ள வந்து கயிறு வாங்கிட்டாங்க. அந்தப் பெரிய மாட்டுக்காரரு காலையில ஆயிரம் சொன்னாரு. மத்தியானம் எண்ணூறுன்னாரு. இப்ப அறுநூத்தம்பதுக்கு இறங்கியும் ஆளில்ல. ஆனா ஊர்ல போய்க் கேளுங்க, அந்த மாடு ஆயிரம் ரூபாய்னுதான் சொல்வாங்க."

"இதையெல்லாம் நீங்க எதுக்குங்க கவனிக்கணும்?"

"நல்லா கேட்டீங்க! அடுத்த சந்தைக்கு எத்தனை கயிறு திரிக்கிறதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அதற்குள் யாரோ கயிறு கேட்டு வந்துவிட்டார்கள். அவள் என்னை மறந்துவிட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பாய் ஞாபகம் வந்தது. நான் அவருக்குச் சொன்னது ஊர்க்காரர்கள் சொல்லும் ஆயிரம் ரூபாய். சொல்லியிருக்க வேண்டியது வேறு: ஒரு நாளில் எத்தனை போகும், எல்லாம் போக எத்தனை நாள் ஆகும், அவசரமாக விற்றால் எவ்வளவு இறங்கும். இவற்றை ஏன் நான் அளந்து பார்த்ததே இல்லை? அச்சடித்த காகிதம் கையில் இருந்ததால் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. நீங்களும் இதில்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் கணினித் திரை என் காகிதத்தைவிடப் பத்து மடங்கு பளபளப்பு.

வங்கியின் மாடியில் பழைய கோப்புகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வாடிக்கையாளர்கள் பங்கு விற்கச் சொல்லி எழுதிய கடிதங்களும் தரகர்களின் பதில்களும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏறிப்போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். எத்தனை விற்கச் சொன்னார்கள், முதல் நாள் எத்தனை போயிற்று, எத்தனை விலை போகாமல் திரும்பியது, கடைசிப் பங்கு என்ன விலைக்குப் போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதினேன். தும்மலும் தூசியுமாக மூன்று மாதம் ஆயிற்று. படிக்கப் படிக்க எனக்கே நம்ப முடியவில்லை. நூறு ரூபாய்க்கு மேல் விலை சொல்லி, ஊரே பெருமையாகப் பேசிய பங்கு ஒன்று, ஐம்பது விற்க ஒரு மாதம் எடுத்திருந்தது. பதினோரு ரூபாய்க்கு விற்ற ஒரு சிமெண்ட் பங்கு, யாரும் மதித்துப் பேசாத பங்கு, எந்த நாளில் கொடுத்தாலும் முந்நூறு வரை அன்றைக்கே போயிருந்தது, அதுவும் விலை குறையாமல்.

மானேஜரிடம் நோட்டைக் காட்டினேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"மாட்டுச் சந்தையிலயா? ஓய், இது பாங்க்கா, பட்டியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தொடர்ந்து எழுதும்" என்றார். என்னைப் பழைய மேஜையிலேயே உட்கார வைத்தார்.

இரண்டு வருஷம் எழுதினேன். அறுபதுகள் பிறந்திருந்தன. அப்போதுதான் அந்த விண்ணப்பம் வந்தது.

ஒரு மில் முதலாளி. பெயர் வேண்டாம். கார், வைரக் கடுக்கன், பேச்சில் தேன். தன் மில்லின் பன்னிரண்டாயிரம் பங்குகளை ஈடாக வைத்து மூன்று லட்சம் கடன் கேட்டிருந்தார். பட்டியலில் அந்தப் பங்கு ஐம்பது ரூபாய். ஆறு மாதத்துக்கு முன் இருபது. ஆறு லட்ச ரூபாய் ஈட்டுக்கு மூன்று லட்சம் கடன் என்றால் யாருக்குமே பாதுகாப்பாகத்தான் தோன்றும். நம் வங்கி அளவுக்கு அது மிகப் பெரிய தொகை, அதற்கேற்ற வட்டியும் வரும். டைரக்டர் நடேசன் அந்த முதலாளிக்கு நெருங்கிய சிநேகிதர். 'அடுத்த வாரம் போர்டில் முடித்துவிடலாம்' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நான் நோட்டைப் புரட்டினேன். அந்த மில்லுக்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை. நம் வாடிக்கையாளர் யாரும் அதை விற்கச் சொன்னதே இல்லை. பட்டியலில் ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. தினமும் கைமாறிய பங்கு இருபத்தைந்து. நேற்றும் இருபத்தைந்து, முந்தாநாளும் இருபத்தைந்து.

மானேஜரிடம் போனேன். "சார், இதை ஒரு தடவை நிஜமாவே வித்துப் பார்க்கணும். ஒரு இருநூறு பங்கு."

"யாருடைய பங்கை ஓய் விக்கிறது? ஈட்டைத் தொடப்படாது, தெரியுமோல்லியோ?"

யாருடைய பங்கு என்பது எனக்குத் தெரியும். வங்கிப் பெட்டகத்தில் அந்த மில்லின் இருநூறு பங்குகளைப் பாதுகாப்புக்கு வைத்திருந்தவர் ஒருவர்தான். பாலக்கரை ராவுத்தர்.

இரண்டு வருஷமாக அவர் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார், பேசமாட்டார். அவர் கிடங்கு வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கடன் விண்ணப்பத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்கக்கூடாது. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. ஆகவே கேட்கக்கூடியதை மட்டும் கேட்டேன்.

"பாய், உங்ககிட்ட அந்த மில்லோட இருநூறு பங்கு இருக்கு. விக்கிற உத்தேசம் இருக்குங்களா?"

"ஏன், வாங்க ஆள் இருக்கா?"

"தெரியாது பாய். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "போன தடவை தெரியும்னு சொன்னீங்க. இந்தத் தடவை தெரியாதுங்கறீங்க. இதுதான் தம்பி நல்லா இருக்கு. கடுதாசியைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

திங்கட்கிழமை காலை சென்னைக்கு இரண்டு அவசர ட்ரங்க் கால் போட்டேன். முதல் தரகரிடம் விலை மட்டும் விசாரித்தேன்.

"அந்த மில் பங்கு இருநூறு வாங்கணும்னா கிடைக்குங்களா?"

"இருநூறு என்ன, ஆயிரம் வேணுமா சொல்லுங்க. அம்பத்தொண்ணு. இப்பவே தரேன்!"

இரண்டாவது தரகரிடம், "இருநூறு விக்கணும்" என்றேன். அந்தப் பக்கம் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இருபத்தஞ்சு அம்பதுக்குப் போகும். மிச்சத்தைப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு இருபத்தைந்து போயிற்று. புதனும் வியாழனும் ஒன்றும் போகவில்லை. பட்டியலோ ஐம்பது, ஐம்பத்தொன்று என்றே வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தரகரே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், உங்களுக்குன்னு சொல்றேன். தினமும் இதை வாங்கறது ஒரு ஆபீஸ், விக்கிறது அவங்களுக்கு வேண்டிய இன்னொரு ஆபீஸ். வெளியாள் எவனும் கிடையாது. மிச்ச நூத்தம்பதையும் சேர்த்து எடுத்துக்க ஒருத்தர் இருக்கார். முப்பத்தெட்டு ரூபாய். சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்" என்றார்.

பாயிடம் ஓடினேன். கிடங்கில் தோல் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னேன். அவர் கையில் அன்றைய பத்திரிகை இருந்தது.

"பேப்பர்ல அம்பத்தொண்ணு போட்டிருக்கான். நீங்க முப்பத்தெட்டுங்கறீங்க. நூத்தம்பது பங்குக்கு எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டீங்களா?"

"போட்டேன் பாய். பேப்பர்ல இருக்கற விலைக்கு ஆளில்ல. நாலு நாளா கேட்டுப் பார்த்துட்டேன். முப்பத்தெட்டுக்கு ஒரு ஆள் இருக்காரு. என் சரக்கா இருந்தா நான் இப்பவே கொடுத்துருவேன்."

தப்பாகப் போனால் அந்த மனிதருக்கு இரண்டாவது முறையாக நஷ்டம், அதுவும் என்னால். அவர் பத்திரிகையை நான்காக மடித்தார்.

"வித்துருங்க தம்பி. இன்னைக்கு நீங்க வாங்குறவனைச் சொல்லிட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கம் போனேன். மானேஜர் வீடு உத்தர வீதியில். பெருமாளைச் சேவித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நோட்டை வாங்கி, பன்னிரண்டாயிரமும் விற்க எத்தனை நாள் ஆகும் என்று பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டார். ஒரு தடவை போட்டவர் மறுபடியும் போட்டார். பிறகு என்னை ஜன்னலண்டை கூப்பிட்டார்.

"அதோ போறாரே, ரிடயர்டு போஸ்ட்மாஸ்டர். அவர் பென்ஷன் பணம் பூரா நம்மகிட்ட. அந்தண்டை புஷ்பக்கூடையோட வராளே, அந்த அம்மாளோட பணமும் நம்மகிட்டதான். ரங்கநாதனுக்கு அடுத்தபடியா இவா நம்மளை நம்பிண்டிருக்கா. கேட்ட அன்னிக்குக் கொடுக்கணும் ஓய். இவாகிட்டப் போய் நானூறு நாள் பொறுங்கோன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"நாளைக்கு போர்டுல நீரே பேசும். நான் பேசினா ஐயங்கார் பயந்தாங்கொள்ளிம்பா. உம்ம கையில நோட்டு இருக்கு."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு போர்டு கூடியது. ஐந்து டைரக்டர்கள். காபி வந்தது. மானேஜர் என்னை எழுந்து பேசச் சொன்னதும் நடேசனின் முகம் சுருங்கியது.

"கிளார்க்கு எல்லாம் போர்டுல பேசறதா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கவேலு, உன்னை இந்த வேலையில சேத்தது யாருன்னு ஞாபகம் இருக்கில்ல?"

மற்றவர்கள் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா நெல் அரைக்க அவர் ஆலைக்குத்தான் போவார். ஊருக்குப் போனால் அவர் வீட்டைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போகவேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் இதெல்லாம் மனதில் ஓடியது.

"நீங்கதாங்க ஐயா. அதனாலதான் சொல்றேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். இருநூறு விற்கப் போனோம். ஒரு நாளைக்கு இருபத்தைந்து வீதம் இரண்டு நாள் போயிற்று. பிறகு இரண்டு நாள் ஒன்றுகூடப் போகவில்லை. மிச்சம் முப்பத்தெட்டுக்குப் போயிற்று. வாங்குவதானால் ஆயிரம்கூட அந்த நிமிஷமே கிடைக்கிறது.

ஒரு டைரக்டர் குறுக்கிட்டார். "அப்ப லிஸ்ட்ல போட்டிருக்கறது பொய்ங்கறியா?"

"இருபத்தஞ்சு பங்கு விக்கணும்னா அது நிஜம்தாங்க. பன்னிரண்டாயிரம் விக்கணும்னா பொய். ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு வீதம்னா நானூத்தெண்பது நாள் ஆகுங்க. சந்தை திறந்திருக்கற நாளை மட்டும் எண்ணினா ஏறக்குறைய ரெண்டு வருஷம். ஒண்ணுமே போகாத ரெண்டு நாளை நான் கணக்குல சேர்க்கலை."

அந்த டைரக்டர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். நானே தொடர்ந்தேன். "ரெண்டு வாரத்துல பணமாக்க முடியற அளவுக்குத்தான் கடன் தரலாம்னா, அதுக்குள்ள இருநூத்தம்பது பங்குதான் போகும், முப்பத்தெட்டு வீதம் இந்த ஈட்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல தர முடியாதுங்க."

"பத்தாயிரமா? மூணு லட்சம் கேட்டவருக்குப் பத்தாயிரமா?" நடேசன் எழுந்துவிட்டார்.

அப்போது மானேஜர் பேனாவைத் திறந்தார். என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கணக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். "என் கையெழுத்து வேணும்னா இதோ, இங்கே இருக்கு. கடன் பத்திரத்துல போடறதுக்கு வேற மானேஜரைப் பார்த்துக்கோங்கோ."

கடன் மறுக்கப்பட்டது. நடேசன் ஒருவர்தான் எதிர்த்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அடுத்த நான்கு மாதம், சொன்னது தப்போ என்று தினமும் பயந்தேன். பட்டியலில் அந்தப் பங்கு ஐம்பத்திரண்டு ஆயிற்று. ஐம்பத்தைந்தும் ஆயிற்று. வங்கியில் சிலர் என் காதில் விழும்படியே கேலி பேசினார்கள். நான் தினமும் பட்டியலைப் பார்ப்பேன், கைமாறிய எண்ணிக்கையைப் பார்ப்பேன். அது இருபத்தைந்துதான்.

முதலாளி வெளியூர் லேவாதேவிக்காரர் ஒருவரிடம் அதே பங்குகளை வைத்துப் பணம் வாங்கியிருந்தார். ஐந்தாம் மாதம் வட்டி கட்டவில்லை. கடன் கொடுத்தவர் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதல் நாள் ஐம்பத்தைந்து நாற்பத்துநான்காயிற்று. மறுநாள் பட்டியலில் அந்த மில்லுக்கு எதிரே விலை இல்லை, வெறும் கோடு. அதற்கடுத்த வாரம் முழுவதும் கோடு. மறுபடி ஓர் எண் அச்சானபோது அது ஒன்பது ரூபாய்.

அன்றைக்கு பாய் வங்கிக்கு வந்தார். என் மேஜைமேல் ஒரு பெட்டி பிரியாணி வைத்துவிட்டு, "மானேஜர் சாருக்குப் பழம் தனியா கொண்டாந்திருக்கேன், அவரு சுத்த சைவம்ல?" என்று கண்ணைச் சிமிட்டினார். அடுத்த வருஷம் அவர் வேறோர் ஆலையை விலைக்கு வாங்கினார். எந்தப் பங்கை, எத்தனை நாளுக்கு முன்னால் விற்கத் தொடங்கவேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான் வாங்கினார். தொகை முழுவதும் குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பே கையில் இருந்தது.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்குப் பெரிது. பங்கு ஒன்பதுக்கு வந்த மாதம் போர்டு கூடியது. கூட்டத்துக்கு முன்னால் நடேசன் என்னை வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டேதான் போனேன்.

"இங்க கிடைக்கலைன்னதும் அந்த வெளியூர்க்காரன்கிட்ட முதலாளி என்னை ஜாமீன் போடச் சொன்னாருடா தங்கவேலு. சிநேகிதமாச்சேன்னு பேனாவைக்கூட எடுத்துட்டேன். உன்னோட நானூத்தெண்பது நாள் ஞாபகத்துக்கு வந்துச்சு. பேனாவை மூடி வெச்சுட்டேன். போட்டிருந்தா இன்னைக்கு என் ஆலை என்னுது இல்ல." என் தோளில் கை வைத்தார். "அன்னைக்கு உன்னைக் கேக்கக்கூடாததைக் கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைய கூட்டத்துக்கு என்னையும் நோட்டோடு கூப்பிட்டிருந்தார்கள்; கடைசியாக ஒரு சின்ன விண்ணப்பம். மன்னார்புரத்தில் லேத் பட்டறை நடத்தும் மேரியம்மாள், இரண்டாவது லேத் வாங்க எட்டாயிரம் கேட்டிருந்தார். ஈடு, என் நோட்டில் இருந்த அந்தச் சிமெண்ட் பங்கு ஆயிரத்து இருநூறு. பங்கு விலை பதினோரு ரூபாய். ஒரு டைரக்டர் காகிதத்தைத் தள்ளிவிட்டார். "பதினோரு ரூபாய்ப் பங்கா? அதுவும் பொம்பளை நடத்தற பட்டறை. பார்க்கலாம், அடுத்த தடவை."

நான் வாயைத் திறப்பதற்குள் நடேசன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"விலை கெடக்கட்டும். தங்கவேலு, உன் நோட்டை எடு. எத்தனை நாள்ல விக்கும்?"

"நாலு நாள்ங்க ஐயா. விலையும் இறங்காது. இதுவரைக்கும் ஒரு பங்குகூடத் திரும்பி வந்ததில்ல."

"அப்புறம் என்ன பேச்சு? அந்தம்மா கீழே காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னியே. போய்ச் சொல்லிட்டு வா."

இரண்டிரண்டு படியாக இறங்கினேன். மேரியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விரல் நகங்களில் எண்ணெய்க் கறுப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எட்டாயிரமும் சரின்னுட்டாங்களா சார்?"

"முழுசா."

"அப்ப நான் வரேன் சார். இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா திங்கக்கிழமை மெஷின் வந்துரும்" என்றார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. அவர் தெருவைக் கடந்து மன்னார்புரம் பஸ்ஸுக்கு ஓடுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.